துண்டு நனையும்வரை

கீழ்நாணல்பட்டு,
18-1-1962

அண்ணன் அப்பாதுரை அவர்களுக்குத் தங்கை அம்சா எழுதிக்கொள்வது.

நீங்கள் அனுப்பிய பொங்கல் சீர் வந்தது. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, எனக்குப் புடவை, உங்கள் மாப்பிள்ளைக்கு வேட்டி எல்லாம் இருந்தன. வண்டிக்காரருக்கு மோர் கொடுத்து, வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். ஒன்றையும் கட்டவிழ்க்கவில்லை. அண்ணி அஞ்சம்மாள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் திருப்பினேன் என்று உங்கள் மேலூரில் கேட்பார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த அரிசி எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வாய்க்காலுக்கு வர வேண்டிய தண்ணீரை மறித்து உங்கள் ஏரியை ரொப்பிக்கொண்டீர்கள். அதில் விளைந்ததில் ஒரு மூட்டையைத் தங்கைக்குச் சீர் என்று அனுப்புகிறீர்கள். இந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் புது அரிசி பார்த்த வீடு இல்லை. நான் கேப்பைக் கூழ் காய்ச்சிச் சூரியனுக்குக் காட்டினேன். அவருக்கும் இந்த வருஷம் அதுதான் கிடைத்தது.

மறித்தது யார் என்று கேட்காதீர்கள். வருஷா வருஷம் ஆடிக் கடைசியில் தழையும் மணலும் போட்டுக் கொறம்பு கட்டித்தான் ஆற்றை உங்கள் ஏரிப்பக்கம் திருப்புவீர்கள். அந்தக் கொறம்பு இருந்தவரை மேலூருக்கும் தண்ணீர் இருந்தது, கீழே இருக்கிற எங்களுக்கும் இருந்தது. கொறம்பு வேண்டாம், சிமெண்டுச் சுவர் போடுகிறேன் என்று முன்னால் நின்றவர் மேலூர்ப் பஞ்சாயத்துத் தலைவரும் யூனியன் மெம்பருமான நீங்கள். சுவர் வந்தது. எங்கள் தண்ணீர் போயிற்று.

இனிமேல் சீர் அனுப்ப வேண்டாம். நீங்களும் வர வேண்டாம்.

அம்சா


விழுப்புரம்,
27-1-1962

அம்சாவுக்கு,

உன் கடிதம் இங்கே என் உரக்கடை விலாசத்துக்கு வந்தது. 'அவர்களுக்கு' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதியிருக்கிறாய். பல் முளைத்த நாளிலிருந்து வாடா போடா என்று கூப்பிட்டு அம்மாவிடம் உதை வாங்கியவள் நீ. உனக்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

வண்டி திரும்பி வந்தபோது தாண்டவராயன் களத்தில் நின்றிருந்தான். நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவன். "இன்னா தலைவரே, சீர் போன வண்டி அப்படியே வந்துக்கினு இருக்குது? தங்கச்சி ஊட்ல ஆள் இல்லியா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டான். உன் அண்ணி அந்த வெல்லத்தை உள்ளே எடுத்து வைக்கமாட்டேன் என்கிறாள். வாசலிலேயே கிடக்கிறது.

சுவர் சுவர் என்கிறாயே, அந்தச் சுவருக்கு நான் எத்தனை செருப்புத் தேய்த்தேன் என்று உனக்குத் தெரியுமா? யூனியன் வந்ததும் அவனவன் ரோடு கேட்டான், ரேடியோ கேட்டான். நான் ஆற்றுக்கு அணை கேட்டேன். சர்க்கார் பாதி தரும், மக்கள் பங்கு பாதி, காசு இல்லாவிட்டால் உழைப்பாகக் கொடுக்கலாம் என்றார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளத்தில் போகிற கொறம்புக்குத் தழை வெட்டி மாரடித்தது போதும் என்று நீயும்தான் சந்தோஷப்பட்டாய். கீழூர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கல் சுமக்க வந்தவர் யார்? உன் வீட்டுக்காரர் வெங்கடாசலம்தான். திறப்பு விழாவில் அவருக்கு என் கையால் மாலை போட்டேன். அப்போது இனித்தது, இப்போது கசக்கிறதா?

மழை கம்மி, அதனால் ஆறு வற்றியது. வானத்தைத் திட்ட முடியாமல் அண்ணனைத் திட்டுகிறாய்.

அப்பாதுரை


கீழ்நாணல்பட்டு,
8-2-1962

அண்ணா,

'நீங்கள்' என்றால் சுடுகிறதா? சரி, நீ என்றே எழுதுகிறேன். நன்றாகக் கேட்டுக்கொள்.

மழை கம்மி என்று எந்த வாயால் சொல்கிறாய்? ஐப்பசியில் உன் ஏரி நிறைந்து வழிந்து கோடி போயிற்று. கோடியில் பிடித்த கெண்டையைக் கருவாடு போட்டு அண்ணி எனக்கு அனுப்பினாள். மழை பெய்யாமல் கெண்டை எங்கிருந்து வந்தது, விழுப்புரம் கடைத்தெருவிலிருந்தா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

வெள்ளம் வந்த அன்று சுவர்மேல் ஏறிக் குதித்து வந்தது. ஊரே போய்ப் பார்த்தோம். மறுநாள் மணல்தான் இருந்தது. வெள்ளத்தை வைத்துக்கொண்டு எவன் நடவு நட்டான்? அது வாய்க்காலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது. எங்கள் தண்ணீர் வெள்ளம் இல்லை அண்ணா. கொறம்பில் கசிந்து கசிந்து வருமே, கணுக்கால் நனைகிற தண்ணீர், தை மாசம் வரை நிற்காமல் வரும், அதுதான் எங்களுடையது. அதில்தான் நெல் விளைந்தது. அதில்தான் கிணறு ஊறியது. இப்போது கிணற்றில் வாளி விட்டால் பாறையில் மோதுகிற சத்தம் கேட்கிறது.

கல் சுமந்தார்கள், ஆமாம். உன் மாப்பிள்ளை தோளில் இன்னும் காய்ப்பு இருக்கிறது. மைக் பிடித்து நீ என்ன பேசினாய்? "மேலூரு கீழூருன்னு பேதம் இல்ல, ஒரே ஆறு, ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க" என்றாய். நாங்கள் கை தட்டினோம். எங்கள் கழுத்துக்கு நாங்களே கயிறு திரித்துக் கொடுத்தோம்.

கொறம்பு போடுகிற நாளில் நம் இரண்டு ஊருக்கும் ஒரு வழக்கம் இருந்ததே, அதையாவது மதித்தாயா? கொறம்பு முடிந்ததும் எங்கள் ஊர் ஆள் ஒருத்தர் தலைத்துண்டைக் கழற்றி, இந்தப் பக்கம் காய்ந்த மணலில் விரிப்பார். கரையில் பொங்கல் பானை ஏறும். பானை பொங்குகிறதற்குள் துண்டு நனைய வேண்டும். ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் மேலே ஏறி வந்தபிறகுதான் இரண்டு ஊருக்கும் இலை போடுவார்கள். போன ஆடியில் அதையும் நிறுத்திவிட்டு ரிப்பன் வெட்டினாய்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். சுவருக்கு அடியில் வழி வை. வரும் ஆடிக்குள் வை. இவர் மாட்டை விற்றுவிட்டுத் திண்டிவனத்துக்கு மூட்டை தூக்கப் போகலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். ஆடிக்குள் வழி பிறக்காவிட்டால் நாங்கள் இந்த ஊரில் இருக்கமாட்டோம்.

அம்சா


விழுப்புரம்,
24-2-1962

அம்சா,

சுவருக்கு அடியில் வழி வை என்று எழுதுவதற்கு முக்கால் நிமிஷம் ஆகியிருக்கும் உனக்கு. சுவரில் சிமெண்டு வாசனைகூடப் போகவில்லை. அதற்குள் அதில் ஓட்டை போட வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுபோனால், ஆடிட்டில் என் தோலை உரித்துவிடுவார்கள். கட்டுவதற்குத் திட்டத்தில் பணம் உண்டு. கட்டினதை இடிப்பதற்கு எந்தத் திட்டத்திலும் பணம் கிடையாது.

உனக்காக வெட்கத்தை விட்டு ஓவர்சியர் ஞானராஜிடம் கேட்டேன். சுவரைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு நேராக வேலைக்கு வந்து நிற்பார். அவர் சிரிக்கிறார். "ஒழுகாத அணை வேணும்னு கேட்டீங்க, கட்டிக் குடுத்தேன். இப்ப ஒழுகற அணை கேக்கறீங்க. இதை எந்தத் தலைப்புல எழுதறது தலைவரே?" என்கிறார். தாண்டவராயன் காதுக்கு இது எட்டினால் என் நாற்காலி என்ன ஆகும் என்று யோசித்தாயா?

துண்டு, பொங்கல், ஆற்றங்கரை ஆத்தாள் உத்தரவு. இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிகிறது. நான் சின்னவனாக இருந்தபோது கொறம்பு ஒழுகுகிறதே என்று ஒரு கூடைக் களிமண்ணைக் கொண்டுபோய் அப்பினேன். ஒழுகல் நின்றுவிட்டது. யாராவது சபாஷ் என்றார்களா? அப்பா புளிய விளாரை ஒடித்து முதுகில் விளாசினார். "ஆத்தாளுக்குக் களிமண்ணு ஆவாதுடா, தழையும் மணலும்தான்டா போடணும்" என்று கத்திக்கொண்டே அடித்தார். உன் மாமனார் ஊர்க்காரர்கள் அந்தக் களிமண்ணை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்கள். விளார் பட்ட இடத்துக்கு அம்மா எண்ணெய் தடவினாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மூடத்தனத்தை ஒருநாள் நான் ஒழிப்பேன் என்று. ஒழித்தும்விட்டேன். அன்று களிமண் ஆகாது என்றவர்கள் இன்று சிமெண்டு ஆகாது என்கிறீர்கள். வேறென்ன?

மாட்டை விற்கிற பேச்சை மாப்பிள்ளையை விடச் சொல். அடுத்த வருஷம் நன்றாகப் பெய்யும்.

அப்பாதுரை


கீழ்நாணல்பட்டு,
5-3-1962

அண்ணா,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சுருட்டுப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். களிமண் இடம் வந்ததும், "அதை இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். சுருட்டை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

களிமண் அப்பியதும் என்ன ஆயிற்று? நீயே எழுதியிருக்கிறாய், ஒழுகல் நின்றுவிட்டது என்று. ஒழுகல் நின்றால் யாருக்குத் தண்ணீர் இல்லை? ஆத்தாளுக்கா? கீழே இருக்கிற எங்களுக்கு. எங்கள் ஊர்க்காரர்கள் ஏன் நகத்தால் சுரண்டினார்கள்? துண்டு ஏன் எங்கள் பக்கம் விரித்தார்கள்? எங்கள் ஊர் ஆளே ஏன் விரிக்க வேண்டும்? துண்டு நனையாவிட்டால் ஏன் மேலூரான் சாப்பிடக்கூடாது?

அது பூசை இல்லை அண்ணா, வழக்கு. எந்தக் காலத்திலோ இரண்டு ஊரும் மண்டையை உடைத்துக்கொண்டு பேசி முடித்தது. மேலூர்க்காரன் ஆற்றை மறிக்கலாம், ஆனால் இறுக்கி மறிக்கக்கூடாது. துண்டு நனைகிற அளவுக்குக் கீழே விட வேண்டும். மனுஷன் சொன்னதாகச் சொன்னால் மீறுவார்கள் என்று ஆத்தாள் தலையில் போட்டுவிட்டார்கள். நாம் எல்லாரும் ஆத்தாளைப் பிடித்துக்கொண்டோம், தண்ணீரை மறந்தோம். நாங்களும் மடையர்கள்தான். கல் சுமந்துகொண்டு வரிசையாகப் போனோமே, ஒருத்தருக்குத் தோன்றியதா? கீழூரில் நேற்றிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்படுகிறோம்.

ஆனால் உன்மேல்தான் எனக்கு ஆத்திரம். நாங்கள் தெரியாமல் கும்பிட்டோம். நீ தெரியாமல் இடித்தாய். கும்பிட்டவனால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. ஒரு வழக்கத்தை ஒழிக்கிறவன் அது எதற்கு இருந்தது என்று ஒருநாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டாமா? எதற்கெடுத்தாலும் பகுத்து அறிய வேண்டும் என்பாயே, எங்கே அறிந்தாய்?

இனி எழுதமாட்டேன். உன் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போ. சுவருக்குக் கீழே விரி. அது நனைந்தால், அந்த ஈரத் துண்டோடு என் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். நனையாவிட்டால் வராதே.

அம்சா


விழுப்புரம்,
10-9-1962

அம்சா,

ஆடியில் உனக்கு எழுதிய கடிதம் 'ஆள் இல்லை' என்று தபால்காரன் கிறுக்கித் திரும்பி வந்தது. நீ எங்கே போனாய் என்று தெரியாமல் நான் உன் ஊரில் கண்டவனையெல்லாம் கேட்க வேண்டியிருந்தது. பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கடைசியில் பஸ் கண்டக்டர் இன்னாசிராஜ்தான் திண்டிவனத்தில் உன்னைப் பார்த்ததாகச் சொல்லி விலாசம் கொடுத்தார்.

போன வாரம் வளவனூர் சந்தையில் உங்கள் மாடுகளைப் பார்த்தேன். நெற்றிச்சுட்டிக் காளை, யாரோ ஒருவன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் தெரிந்து தலையை ஆட்டியது. அது உன் கல்யாணத்துக்கு நான் ஓட்டிவிட்ட பசுவின் கன்று. விற்கப் போகிறேன் என்று எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? எனக்கு விற்றிருக்கக் கூடாதா? ஊர் சிரிக்கட்டும் என்றுதானே சந்தைக்கு அனுப்பினாய்?

சொல்லாமல் ஊரை விட்டுப் போகிற அளவுக்கு நான் உனக்கு என்ன பகையாளியா?

அப்பாதுரை


திண்டிவனம்,
20-9-1962

அண்ணா,

ஆடிக்குள் வழி வை என்று தையில் எழுதினேன். வைத்தாயா? சொல்லாமல் போனேன் என்று எந்த முகத்தோடு கேட்கிறாய்?

மாடு தீவனம் கேட்டது. தவிடு வாங்க வழியில்லை, புல்லும் இல்லை. நீ வாங்கினால் உன் ஏரித் தண்ணீரைத்தானே குடிக்கும், அதற்குச் சந்தையிலேயே போகட்டும் என்று இவர்தான் சொன்னார். ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பி வந்து கயிற்றை மட்டும் ஆணியில் மாட்டினார். அன்று இராத்திரி சாப்பிடவில்லை.

இங்கே மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறார். நான் மற்ற பெண்களோடு உட்கார்ந்து உடைத்த வேர்க்கடலைப் பயறு பொறுக்குகிறேன். கீழூர்க்காரர்கள் பாதிப் பேர் இந்தத் தெருவில்தான் இருக்கிறோம். காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிறோம். நேற்று ஒருத்தி என் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, "தண்ணி இல்லாத ஊருலேர்ந்து வந்துக்கினு எங்க தண்ணியப் புடிக்க வந்துட்டாளுங்க" என்றாள். ஆற்றங்கரையில் பிறந்து ஆற்றங்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அவளைத் திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தத் திட்டு உனக்கு வர வேண்டியது, இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

துண்டு போட்டாயா? அதைப் பற்றி ஒரு வரி இல்லையே உன் கடிதத்தில்.

அம்சா


மேல்நாணல்பட்டு,
2-12-1962

அம்சா,

போட்டேன்.

வெள்ளம் வடிந்தபிறகு போனேன். ஏரி நிறைந்து கோடி போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு மேல்பக்கம் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், தெளிவாக, மீன் ஓடுகிறது. கீழ்ப்பக்கம் வெறும் மணல். இறங்கித் துண்டை விரித்துவிட்டுப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த முனியம்மாள், "இன்னா தலைவரே, துண்டைக் காயப் போட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கறீங்க" என்றாள். ஆமாம், காயப் போட்டிருக்கிறேன் என்றேன். பொழுது சாய்ந்தபிறகு எடுத்தேன். வண்ணான் பெட்டி போட்ட மாதிரி மொறமொறவென்று இருந்தது.

எனக்கு முதலில் அப்பாமேல்தான் கோபம் வந்தது. விளார் பிய்ந்துபோகும்வரை அடித்தாரே, ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? 'கீழே இருக்கறவனும் குடிக்கணும்டா' என்று ஒரே ஒரு வார்த்தை. அது போதுமே. நான் என்ன புரியாதவனா? அவருக்கே தெரியாது போலிருக்கிறது. அவரை அவர் அப்பா அடித்திருப்பார். அடி மட்டும் தப்பாமல் கைமாறி வந்திருக்கிறது, காரணம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

உன்மேலும் கோபம்தான், மறைக்கவில்லை. மாசியில் நீ எழுதியதைப் படித்த அன்றே நீ சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துண்டு நனையாது என்று தெரிந்துதான் இத்தனை மாசமும் ஆற்றுப்பக்கம் போகாமல் விழுப்புரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தலைவர், தலைவர் என்று கும்பிடுகிறார்களே, அது சுகமாக இருந்தது. நீ ஒருத்திதான் என்னைக் கும்பிடவில்லை.

யூனியனில் தீர்மானம் வைக்கப் போகிறேன். சுவரை இடிக்க என்று வைத்தால் நடக்காது. கீழூர் வாய்க்காலுக்குத் தண்ணீர் விட சுவரில் குழாய் வைக்கிற புது வேலை என்று எழுதலாம் என்கிறார் ஞானராஜ். ஆற்றோரத்து மற்ற மெம்பர்களுக்கும் இதே வயிற்றெரிச்சல் இருக்கிறது. ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறேன். இந்த முறை செருப்பு உனக்காகத் தேயட்டும்.

அப்பாதுரை


மேல்நாணல்பட்டு,
10-2-1963

அம்சா,

தீர்மானம் நிறைவேறியது. பணமும் ஒதுக்கியாயிற்று. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுவிடாதே.

மேலூர்ப் பஞ்சாயத்தில் என்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். தாண்டவராயன்தான் முன்னால் நின்றான். "இந்த ஊருச் சோத்தைத் துன்னுட்டுத் தங்கச்சி ஊருக்குத் தண்ணிய வாரிக் குடுக்கறான்" என்றான். கை தூக்கியவர்களில் பாதிப் பேர் என்னால் ஏரிப்பாசனம் பெற்றவர்கள். களத்தில் என்னோடு யாரும் பேசுவதில்லை. போகட்டும்.

விஷயம் இதுதான். யூனியன் பணம் பாதிதான். மீதி மக்கள் பங்கு. உழைப்பாகக் கொடுக்க வேண்டும். மார்ச்சு முடிவதற்குள் வேலை முடியாவிட்டால் அந்தப் பணம் வேறு ஊர் ரோட்டுக்குப் போய்விடும். மேலூரிலிருந்து ஒரு ஆள் வரமாட்டான். கீழூரில் கிழவர்களைத் தவிர யாரும் இல்லை. ஆள் எல்லாம் திண்டிவனத்தில் உன் தெருவில் இருக்கிறார்கள். உன்னால் மட்டும்தான் கூட்டிவர முடியும்.

இன்னொன்று. எத்தனை குழாய், என்ன அளவு என்று ஞானராஜ் கேட்கிறார். துண்டு நனைகிற அளவு என்றேன். எழுதாமல் பேனாவை மூடிவிட்டார்.

அப்பாதுரை


திண்டிவனம்,
19-2-1963

அண்ணா,

உன் கடிதத்தைக் குழாயடியில் நின்றே படித்தேன். ஆற்றை மூட நாங்களே கல் சுமந்தோம். திறக்கவும் நாங்களே வந்து உடைக்க வேண்டுமா? மேலூர்க்காரன் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பானா? மக்கள் பங்கு, மக்கள் பங்கு என்கிறாயே, உன் அகராதியில் மக்கள் என்றால் கீழூர்க்காரன் மட்டும்தானா?

இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். "அன்னாண்ட ஒருவாட்டி சுமந்து அனுபவிச்சது போதும், இங்க கூலியாவது வருது" என்றார். மண்டியில் மற்றவர்களும் அப்படியே. நான் சாயங்காலம் மண்டி வாசலில் போய் நின்றேன். என்னோடு பயறு பொறுக்குகிற சவுரியம்மாளும் என்கூட வந்தாள். என்ன பேசினேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. நீங்கள் மூட்டை தூக்கிச் சாகும்வரை நாங்கள் அடுத்தவள் குழாயில் பிச்சை வாங்கிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டேன். மண்டிக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இராத்திரி கடப்பாறையை எடுத்துத் துடைத்து வைத்தார்.

வருகிறார்கள். வேலை முடியும்வரை சோறு நீ போட வேண்டும். உன் வீட்டு அரிசிதான். அதைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

எத்தனை குழாய் என்று கேட்கிறாரே ஓவர்சியர், வேண்டியதற்கு அதிகமாகவே வைக்கச் சொல். ஆடியில் துண்டைப் போட்டுப் பார்த்து, மிஞ்சினால் அடைத்துக்கொள்ளலாம்.

அம்சா


மேல்நாணல்பட்டு,
18-8-1963

அம்சா,

இந்த ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. உன் ஆட்கள் பங்குனியில் உடைத்துப் பதித்த குழாய்களை நேற்று திறந்தோம்.

துண்டு விரிக்கக் கீழூர் ஆள் யாராவது வருவார்கள் என்று பார்த்தேன். வரவில்லை. ஒருமுறை ஏமாந்தவர்கள், குறை சொல்லமாட்டேன். என் துண்டைத்தான் விரித்தேன். பானை வைக்கவும் யாரும் வரவில்லை. உன் அண்ணிதான் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஊரே பார்க்க நடுத்தெருவில் நடந்து வந்தாள். நீ திருப்பி அனுப்பினாயே அந்த வெல்லம், அதை இவ்வளவு நாள் தொடாமல் வைத்திருந்தாள். அதைத்தான் போட்டாள்.

பானையில் நுரை கட்டுவதற்குள்ளேயே துண்டு நனைந்துவிட்டது. கரையில் நின்ற தாண்டவராயன், "அதிகமா போவுது, ஞாயமா இது?" என்று கத்தினான். அவன் சொன்னதும் நியாயம்தான். ஞானராஜ் இறங்கி ஒரு குழாயை அடைத்தார். துண்டைப் பிழிந்து வெயிலில் உலர்த்தி, தண்ணீர் ஓட்டம் மாறியதும் காய்ந்த இடம் பார்த்து மறுபடியும் விரித்தோம், பானையும் மறுபடி வைத்தோம். பால் பொங்கி வழிகிறபோது துண்டும் முழுக்க நனைந்தது. இலை போட்டதும் தாண்டவராயன் வந்து உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் சாப்பிட்டான். ஞானராஜ் அந்தக் குழாய்களின் கணக்கைத் தன் பேரேட்டில் ஏற்றிக்கொண்டார்.

ஈரத் துண்டோடு வா என்று எழுதியிருந்தாய். அதைத் தலையில் கட்டிக்கொள்கிற உரிமை கீழூர்க்காரனுக்கு. நான் மேலூரான், கட்டமாட்டேன். இன்னாசிராஜிடம் கொடுத்துப் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள். உன் வாசலில் வந்து நிற்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

உன் அண்ணன்


திண்டிவனம்,
26-8-1963

அண்ணா,

துண்டு வந்தது. பஸ் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிட்டது. மடிப்பில் ஆற்று மணல் இருந்தது. இவர் அதை விரல் நடுவில் தேய்த்துப் பார்த்தார். பிறகு துண்டை நனைத்துப் பிழிந்து தலையில் கட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வர.

நீ நல்லவனாகிவிட்டாய் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபம் தீரவில்லை. இரண்டு வருஷ விளைச்சல் போயிற்று. சுட்டிக் காளை போயிற்று. குழாயடியில் நான் தின்ற பேச்சு இருக்கிறது. ஈரத் துண்டோடு நீ வர வேண்டும் என்றுதான் எழுதினேன், துண்டை மட்டும் அனுப்பச் சொல்லவில்லை. தைரியம் இல்லையாம். ஆற்றையே மறித்தவனுக்குத் தங்கை வாசலுக்கு வரத் தைரியம் இல்லையாம்.

ஆவணி பிறந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதென்று எங்கள் ஊர்ச் சின்னக்கண்ணு நேற்று பார்த்துவிட்டு வந்து சொன்னான். நாங்கள் நாளை மறுநாள் ஊருக்குப் போகிறோம். நாற்று விட வேண்டும். நிலம் இரண்டு வருஷம் காய்ந்து பாறையாக இருக்கிறது. உழ மாடு இல்லை.

உன் மாட்டை ஓட்டிக்கொண்டு வா. பண்ணையாளை அனுப்பாதே, அனுப்பினால் சீரைத் திருப்பியது மாதிரித் திருப்பிவிடுவேன். நீயே ஏர் பிடித்து உழ வேண்டும். நான் வரப்பில் உட்கார்ந்து, சேர்த்து வைத்திருக்கிற திட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் திட்டிக்கொண்டிருப்பேன். நீ பதில் பேசாமல் உழு. உச்சிப் பொழுதுக்குக் கூழ் கொண்டுவருகிறேன், வெங்காயமும் வைக்கிறேன்.

அம்சா